பெயர்கள் மட்டும் நீல மையில்

ஷிமென்
12 செப்டம்பர் 1985

என் தங்கை லியானுக்கு,

அக்கா சூச்சின் எழுதுவது. கருணைத் தெய்வம் குவான்யின் தாயாரின் அருளில் நானும் உன் அத்தானும் சுகம். லான்ஜோவில் குளிர் இறங்கியிருக்கும். உன் இருமல் எப்படி இருக்கிறது? கம்பளி ஆலையில் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்கிறாயா? மாப்பிள்ளை யூசுப்பும் யான்லியும் நலமா? ஒவ்வொன்றுக்கும் பதில் எழுது, எதையும் விட்டுவிடாதே.

அப்பா போய் ஆறு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு நான் எழுதியது மூன்று கடிதம், நீ எழுதியது இரண்டு. பதினான்கு வருடத்தில் இவ்வளவுதான். இந்தக் கணக்கை ஏற்ற வேண்டும் என்பது என் ஆசை. பிப்ரவரியில் வரும் நம் புத்தாண்டுக்கு நீங்கள் மூவரும் இங்கே வரவேண்டும்.

ஊர்ச் செய்தி ஒன்று. அத்தான் வெந்நீர் அறையைப் பார்த்துக்கொள்கிறாரே, அந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஸ்காட்லாந்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருக்கிறார். பெயர் மோராக். நாக்கு திரும்பாமல் எல்லாரும் மோ டீச்சர் என்கிறோம். ஐம்பது வயதிருக்கும். நம் வாசல் நிலையில் தினமும் இடித்துக்கொள்ளும் உயரம். அவருக்குச் சமையலில் கைகொடுக்க என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

நம் சீனப் பேச்சைக் கற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறார். ஆனால் ‘வா’வுக்கும் ‘போ’வுக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை. முதல் நாள் மணி அடித்ததும், “சரி, எல்லாரும் வாங்க!” என்றாராம். நாற்பத்து மூன்று பிள்ளைகளும் எழுந்து வந்து அவர் மேசையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். இவருக்கு ஏன் என்று புரியவில்லை. ஆனாலும் அவர்கள் முகம் வாடக்கூடாது என்று ஒவ்வொருவருக்கும் கைகுலுக்கி, பெயர் கேட்டு, அனுப்பி வைத்தார். இப்போது அதுவே பழக்கமாகிவிட்டது. தினமும் வகுப்பு முடிந்ததும் வரிசை நிற்கிறது. கைகுலுக்காமல் ஒரு பிள்ளை வெளியே போவதில்லை. தன் தவறை இப்படி மரியாதையாக மாற்றத் தெரிந்தவரை நான் பார்த்ததில்லை, லியான்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா சூச்சின்


லான்ஜோ
28 செப்டம்பர் 1985

அக்காவுக்கு வணக்கம்.

உன் கடிதம் எட்டு நாளில் வந்தது. நாங்கள் மூவரும் நலம். இருமல் இருக்கிறது, மோசமில்லை. துணி கட்டிக்கொள்கிறேன். அத்தான் முட்டிவலி எப்படி என்று நீ எழுதவில்லையே.

மோ டீச்சர் கதையை யான்லிக்குப் படித்துக் காட்டினேன். “அம்மா, நாளைக்கு நம்ம கணக்கு வாத்தியாருகிட்ட போய்க் கை நீட்டட்டுமா? பிரம்பாலதான் குலுக்குவாரு” என்கிறாள். பதின்மூன்று வயது, வாய் முப்பது.

புத்தாண்டுக்கு வரச் சொல்கிறாய். எங்கள் வீட்டில் பன்றி இறைச்சி கிடையாது, அந்தப் பாத்திரத்தில் சமைத்ததைத் தொடவும் மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். புத்தாண்டில் நம் ஊர் அடுப்பில் வேறு என்ன இருக்கும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் யூசுப்பைக் கட்டிக்கொண்ட வருடம் அப்பா பெயரில் வந்த கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை சிவப்பு மை. சிவப்பு மையில் கடிதம் வந்தால் அந்த உறவு அறுந்தது என்று நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த சீர் அது ஒன்றுதான். அப்பாவுக்கு எழுதத் தெரியாது. யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.
லியான்


ஷிமென்
20 அக்டோபர் 1985

என் தங்கை லியானுக்கு,

அக்காவின் ஆசி. எல்லாரும் சுகம். அத்தான் முட்டி, படி ஏறும்போது மட்டும் கத்துகிறது. அவரும் கூடவே கத்துகிறார்.

நீ எழுதியது எல்லாம் படித்தேன்.

புது வாணலி ஒன்று வாங்கியிருக்கிறேன். மூடி, கரண்டி, சாப்பாட்டுக் குச்சிகள், ஆறு கிண்ணம் எல்லாம் புதிது. எதிலும் கொழுப்பு படவில்லை. தாயார் படத்துக்குக் கீழே, நான் விரத நாளில் சமைக்கும் பாத்திரத்துக்குப் பக்கத்தில், துணி சுற்றி வைத்திருக்கிறேன். அத்தான் பார்த்துவிட்டு, “என்னடி, சாமிக்கு வாணலி நேர்ந்துக்கிட்டியா?” என்றார். “ஆமா, நீங்க அதுல கை வெச்சா கை இருக்காது” என்றேன். நல்ல கடலை எண்ணெய், ஆட்டுக்கறிக்கு ஆற்றுக்கு அக்கரையில் உங்கள் ஆட்கள் கடை, எல்லாம் விசாரித்துவிட்டேன்.

மோ டீச்சருக்கு இந்த மாதம் ஒரு சோதனை. தேர்வு முடிவை எழுதி வகுப்புக் கதவில் ஒட்டினார். நாற்பத்து மூன்று பெயரும் சிவப்பு மையில்! மறுநாள் ஒரு பையனின் அம்மா படகேறி அழுதுகொண்டு வந்தாள். “டீச்சர், செத்தவங்க பேரையும் சாகப்போறவங்க பேரையும்தான் செவப்புல எழுதுவாங்க. எம்புள்ள என்ன பாவம் பண்ணினான்?” வேறு யாராவது என்றால் எங்கள் நாட்டில் அப்படி இல்லை என்று சொல்லி முடித்திருப்பார்கள். இவர் தாளைக் கிழித்தார். நாற்பத்து மூன்று பெயரையும் நீல மையில் எழுதினார். அதே படகில் அந்த அம்மாளோடு ஏறிப் போய், அவர்கள் வீட்டுப் பாட்டனாருக்கும் காட்டி, மன்னிப்புக் கேட்டு, சேறு அப்பிய காலோடு திரும்பினார். அன்றே தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு எனக்கு வாசித்தும் காட்டினார்: ‘பெயர், சிவப்பு கூடாது.’

ஒரு தப்பை இரண்டாவது தடவை செய்யமாட்டார் என்று அத்தானிடம் சொன்னேன். “உப்பு கேக்கப் போயி நாலு தடவ சிகரெட் வாங்கியாந்துட்டாங்களே” என்கிறார். உப்பு என்பதற்கும் சிகரெட் என்பதற்கும் குரலை ஏற்றி இறக்குவதில்தான் வேறுபாடு. ஆனால் அதைத் திருத்த அத்தான் என்னை விடுவதில்லை. அந்த சிகரெட் எல்லாம் அவருக்குத்தானே போகிறது.

தாயார் துணை.
அக்கா சூச்சின்


லான்ஜோ
7 நவம்பர் 1985

அன்புள்ள அக்கா,

நலம். நலம்தானே?

வாணலி விஷயத்தை யூசுப்புக்குச் சொன்னேன். “ஆறு கிண்ணமா வாங்கினாங்க?” என்றார். “ஆமாம்” என்றேன். “நாம மூணு பேர்தானே?” என்றார். “அக்காவும் அத்தானும் நம்ம கூடவே அதே கிண்ணத்துல சாப்பிடுவாங்க போலிருக்கு” என்றேன். “அப்பவும் ஒண்ணு மிச்சம்” என்றார். “அது மோ டீச்சருக்கு” என்று யான்லி கத்தினாள். அவர் சிரித்துவிட்டார், அக்கா.

வர எங்களுக்குச் சம்மதம். ஆனால் மாமியார் ஒரு சொல் கேட்கிறார். “அன்னிக்கு எழுதித்தானே வெரட்டினாங்க? எழுதியே கூப்பிடட்டும்” என்கிறார். அதில் எனக்கும் தவறு தெரியவில்லை. அப்பாவுக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் பெரியவள் நீ. முறையாக ஓர் அழைப்புக் கடிதம் எழுது. அது வந்ததும் ஆலையில் விடுப்புக் கேட்கிறேன். இருபது நாளுக்கு முன்னால் கேட்டால்தான் கொடுப்பார்கள்.

யான்லி உன் கைக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள். கடிதம் எழுதும் கைக்காம்.
லியான்


ஷிமென்
1 டிசம்பர் 1985

அன்புத் தம்பி ஆலஸ்டர்,

நீயும் பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன். என் நலத்துக்குக் குறைவில்லை. மனசு மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. போன வாரம் நம் ஊர் உருளைக்கிழங்கு வறுவல் செய்து சூச்சின் அக்காவை அவள் வீட்டு அடுப்படியிலேயே அசத்தப் போனேன். பன்றிக் கொழுப்பைச் சின்னச் சட்டியில் உருக்கினேன். சட்டி போதவில்லை. சாமி படம் இருக்கும் அலமாரிக்குக் கீழே துணி சுற்றிய பெரிய வாணலி ஒன்று இருந்தது. அதை எடுத்து வைத்து, கொதிக்கும் கொழுப்பை ஊற்றச் சாய்த்தேன். வாசலிலிருந்து அக்கா ஓடிவந்தாள். தடுக்க நேரமில்லை. வாணலிக்கு மேலே தன் வலது கையை நீட்டிவிட்டாள். அத்தனையும் அவள் கையில். வாணலியில் ஒரு சொட்டு விழவில்லை. வலியில் கண்ணீர் வழிய, அவள் முதலில் குனிந்து பார்த்தது வாணலியைத்தான்.

அது லான்ஜோவில் இருக்கும் தங்கை குடும்பத்துக்காக வைத்தது என்று பிறகு தெரிந்தது. பதினான்கு வருடப் பிரிவாம். காரணம் கேட்டேன். ஊதுபத்தியைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

தங்கையை அழைத்து எழுத வேண்டிய நேரத்தில் கை கட்டுப் போட்டிருக்கிறது. அவள் கணவர் பெங் பேனாவைப் பிடித்தால் கரி அள்ளுவது போல இருக்கிறது. “நான் எழுதறேன்” என்றேன். கைக்காயத்தைப் பற்றி மட்டும் எழுதக்கூடாது என்றாள். “தங்கச்சிக்குத் தெரிஞ்சா, எங்களாலதானே இந்தக் கஷ்டம்னு வராமலே இருந்துடுவா.” அவள் சொல்லச் சொல்லப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். அறைக்குப் போய் அகராதியோடு மூன்று மாலை உட்கார்ந்தேன். ஒவ்வோர் எழுத்தும் ஒரு வீடு கட்டுவது போல. இன்று காலை, பழைய உறையைப் பார்த்து முகவரி எழுதி, அக்காவிடம் காட்டாமல் நானே தபாலில் போட்டுவிட்டேன். அக்காவுக்குத் தெரிந்தால் ஆச்சரியப்படுவாள்.

ஒரு யோசனையும் செய்தேன். பாராட்டுவாய். இங்கே கல்யாணம், புத்தாண்டு, பிள்ளைப்பேறு, நல்லது எல்லாமே சிவப்பு. பெயரை மட்டும் சிவப்பில் எழுதக்கூடாது, அதைப் பாடமாகவே படித்துவிட்டேன். ஆகவே கடிதம் முழுவதும் நல்ல சிவப்பு மை, பெயர்கள் மட்டும் நீல மை. அழைப்பிதழ் போலவே ஜொலித்தது.

எல்லாருக்கும் என் அன்பு.
அக்கா மோராக்


லான்ஜோ
8 ஜனவரி 1986

திருமதி பெங் அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் சிவப்புக் கடிதம் டிசம்பர் பத்தாம் தேதி வந்தது. தவறாகப் படித்துவிட்டேனோ என்று ஒரு மாதம் பொறுத்தேன். இன்னொரு கடிதம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. நீங்கள் எழுதியதை உங்களுக்கே படித்துக் காட்டுகிறேன்:

‘பழையது முடிந்தது. இனி அந்தப் பேச்சு வேண்டாம். புத்தாண்டுக்கு யூசுப்பையும் யான்லியையும் அழைத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போ. புது வாணலியை எடுத்து வைத்துவிட்டேன்.’

எங்கள் பெயர்கள் மட்டும் நீல மையில். செத்துப்போ என்று சொல்லவில்லை, உறவு மட்டும் வேண்டாம். நீங்கள் எப்போதுமே கணக்கானவர்தான்.

அந்தத் தடவை உங்கள் கையாவது இருந்தது. ஆமாம், எனக்குத் தெரியும், அன்றே தெரியும். நாம் இரண்டு பேரும் ஒரே பலகையில் எழுதிப் பழகியவர்கள். தெரிந்தும்தான் உங்கள் முதல் கடிதத்துக்குப் பதில் எழுதினேன். இந்தத் தடவை யாரையோ பிடித்து, கோணல் எழுத்தில் எழுத வைத்திருக்கிறீர்கள். கையைக்கூட அழுக்காக்கிக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தீர்களோ?

மாமியார் ஏதாவது திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இனி எழுத வேண்டாம்.
லியான்


ஷிமென்
18 ஜனவரி 1986

என் லியான்,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் உன் இருமல் எப்படி இருக்கிறது?

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பவர் மோ டீச்சர். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது வந்தார். “என்ன ஆச்சுக்கா?” என்றார். தாளைக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். ‘சிவப்பு’ என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு ‘போ’ என்ற இடத்தில் நின்றது. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்து போனார். பயண அனுமதிச் சீட்டுக்கு அலுவலகத்தில் நின்றுவிட்டு, மறுநாள் பையோடு வந்தார். “நான் பண்ணின தப்பு. தபால் போய்ச் சொல்லாது. நான் வர்றேன்” என்றார். அத்தான், “போறேன்னு சொல்லுங்க டீச்சர்” என்றார். டீச்சர் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

லியான், நான் சொன்னது ‘வா’. அவர் எழுதியது ‘போ’. சிவப்பு, நல்ல செய்திக்கு என்று நினைத்து எழுதினார். நான் ஏன் எழுதவில்லை என்று அவரைக் கேள்.

மற்றதை நான் சொல்ல வேண்டும். அப்பா சொன்னார், நான் எழுதினேன். எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. நீ படித்துவிட்டு வைத்த புத்தகத்தைப் பார்த்து எழுத்துக் கற்றவள். நம் வீட்டில் எழுதத் தெரிந்த கை நீ போன பிறகு என் கை ஒன்றுதான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிவப்பு மை வாங்கி வந்ததும் நான்தான். அன்றிலிருந்து ஒவ்வோர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தாயார் முன்னால் உன் பெயருக்கு ஒரு பத்தி. பத்தி ஏற்றத் தடை இருந்த வருடங்களில் ஒரு தீக்குச்சி. மொத்தம் முந்நூற்று நாற்பத்து ஆறு ஆகிறது. இதைச் சொல்லி மன்னிப்பு வாங்கப் பார்க்கவில்லை. எண்ணிக்கை தெரிந்தவள் நான் ஒருத்திதான், நானும் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

கட்டு அவிழ்த்து மூன்று நாள்தான் ஆகிறது. எழுத்து கோணல்தான். ஆனால் என் கை. மை நீலம்.

வா.
சூச்சின்


தந்தி
லான்ஜோ, 22 ஜனவரி 1986

அக்கா. நலம். வந்தேன். கதவு மூடி. நாளை மறுபடி வருவேன் அல்லது போவேன். மோ.


லான்ஜோ
26 ஜனவரி 1986

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். உன் கை முழுக்க ஆறிவிட்டதா? இனி அந்தக் கைக்குத் தினமும் எள்ளெண்ணெய் போடு. தோல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

உன் டீச்சர் ரயிலில் கட்டைப் பலகை இருக்கையில், முழங்காலுக்கு நடுவே யாருடைய கோழிக்கூடையையோ வைத்துக்கொண்டு இரண்டு நாள் வந்திருக்கிறார். வெளிநாட்டவர் என்பதால் அவருக்கு மெத்தைப் பெட்டியில் இடம் கிடைத்திருக்கும். அதற்குக் காத்திருந்தால் நான்கு நாள் தள்ளிப் போகும் என்று ஏறிவிட்டார். உறையைக் காட்டிக் காட்டி ஆலைக் குடியிருப்பைக் கண்டுபிடித்தார். நான் கதவைத் திறந்தேன். “நான்தான் கோணல் எழுத்து” என்றார். மூடிவிட்டேன். உன் கடிதத்தைக் கதவுக்கடியில் தள்ளினார். நான் எடுக்கவில்லை, அக்கா. இதை மறைக்கமாட்டேன்.

மறுநாள் பனியில் மறுபடி வந்து நின்றார். இந்தத் தடவை கதவுக்கடியில் வந்தது ஒரு பள்ளிக்கூட நோட்டு. பக்கம் பக்கமாக நீல மையில் ‘வா’, ‘வா’, ‘வா’. யான்லி எடுத்துப் பார்த்தாள். “அம்மா, இது இம்போசிஷன்!” என்று தரையில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தாள். வெளியே அவர் நிற்கிறார், உள்ளே இவள் எண்ணுகிறாள், நடுவில் நான். கடைசியில் யான்லி கதவோரம் வாயை வைத்து, “டீச்சர், தொண்ணூத்தெட்டுதான் இருக்கு! ரெண்டு பாக்கி!” என்றாள்.

வெளியிலிருந்து, “மை உறைஞ்சு போச்சு” என்று குரல் வந்தது.

மாமியார்தான் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். “உள்ள வந்து எழுதும்மா. பேனாவும் குளிர் காயட்டும்” என்றார்.

தேநீர் குடித்துக்கொண்டே வாணலிக் கதையைச் சொன்னார். எந்தக் கையை, எதற்கு மேலே நீட்டினாய் என்று சட்டியைச் சாய்த்து நடித்தே காட்டினார். யூசுப் எழுந்து வாசலுக்குப் போய் ரொம்ப நேரம் நின்றார். உள்ளே வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: “தழும்பு இருக்குமா?” இருக்கும் என்றார் டீச்சர். பிறகுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன்.

அன்று மாலை பெட்டியிலிருந்து பழைய சிவப்புக் கடிதத்தை எடுத்துப் புதியதோடு சேர்த்து மேசையில் வைத்தேன். பழையதில் கை உன்னுடையது, சொல் அப்பாவுடையது. புதியதில் சொல் உன்னுடையது, கை இன்னொருவருடையது. முழுசாக நீ எழுதியது கதவுக்கடியில் கிடந்த அந்தக் கோணல் எழுத்துக் கடிதம்தான்.

புதியதை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பயந்துவிடாதே, பிரித்துப் பார். ஒவ்வொரு சிவப்புக் கோட்டின் மேலும் நீல மையால் நானே எழுதினேன். கோணலைக்கூட நிமிர்த்தவில்லை. ‘போ’ வந்த இடத்தை மட்டும் டீச்சரிடம் கொடுத்தேன். அதை அடித்துவிட்டு மேலே ‘வா’ என்று எழுதினார், நூறில் ஒன்றுகூட அவ்வளவு அழகாக வரவில்லை. பழக்கதோஷம், பக்கத்தில் சரி என்று ஓர் அடையாளம் போட மறுபடி சிவப்புப் பேனாவை எடுத்தார். யான்லி பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் வீடு அவ்வளவு சிரித்துப் பல நாளாகிறது.

ஆலையில் விடுப்பு இல்லை என்றார்கள். இருபது நாள் தாண்டிவிட்டதாம். மாமியார் தன் ஊன்றுகோலோடு மேலாளர் வீட்டுக்கே போனார். “எழுதிக் கூப்பிட்டிருக்காங்கய்யா, எழுதி!” என்று நீல மைக் கடிதத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாராம். ஒன்பது நாள் கொடுத்திருக்கிறார்கள். மாமியாரும் வருகிறார். ஆறாவது கிண்ணம் அவருக்கு, ஏழாவது ஒன்று வாங்கு. அது டீச்சருக்கு.

பிப்ரவரி நாலாம் தேதி ரயில். டீச்சர் எங்களோடுதான் கிளம்புகிறார். வாணலியை வெளியே எடுத்து வை.

வருகிறோம்.
உன் தங்கை லியான்